கரண்ட் குடிக்காத மோட்டார்

சோளப்பேரியில் கரண்ட் போயிருந்த ஒரு நடுமத்தியானத்தில் ஊர்த்தலைவர் சீனிராஜின் கிணற்று மோட்டார் ஓடித் தண்ணீர் இறைத்தபோது, பார்த்தவர்கள் வாயில் முதலில் வந்த சொல் திருட்டு என்பதுதான். அதிசயம் என்கிற சொல் எங்கள் ஊரில் கோயில் கொடை நோட்டீசில் மட்டும் வரும். மற்றபடி எங்கள் ஆட்கள் மழை பெய்தால் இப்போது எதற்குப் பெய்கிறது என்று வானத்தை முறைக்கிறவர்கள், சம்பந்தி வீட்டில் கறியை அள்ளி வைத்தால் என்ன காரியத்துக்கு அடிபோடுகிறார்களோ என்று யோசித்தபடியே இரண்டாம் தரமும் வாங்கித் தின்கிறவர்கள்.

வயர்மேன் வந்தார். கம்பத்தில் ஏறிப் பார்த்தார், பியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார், டெஸ்டரை மோட்டார் பெட்டியின் எல்லா முனையிலும் வைத்துப் பார்த்தார், டெஸ்டர் மினுங்கவில்லை, மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, வாய்க்காலில் தண்ணீர் வெங்காயப் பாத்தியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. "லைன்ல ஒண்ணுமில்ல. எங்க கரண்டை இது தொடவே இல்ல" என்று சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே முகம் கழுவி, நாலு மிடறு குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

திருட்டு என்றால் ஊருக்கு ஒரு நிம்மதி இருந்திருக்கும். திருட்டு இல்லை என்றதும் மோட்டாரை விட்டு நாலடி தள்ளி நின்றார்கள். கூட்டத்தில் நின்ற வெள்ளத்தாய்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். புருசனை இழந்து, ஆட்டுக்குட்டிகளோடும் அபிப்பிராயங்களோடும் தனியாக இருக்கிறவள் அவள்.

"கரண்டைக் குடிக்கலன்னா, வேற என்னத்தைய்யா குடிக்கு?"

அந்த மோட்டார் எரிந்தபோது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருளை, காயில் என்பார்கள், புதுசாகக் கட்டியது, மூடிக்கிடந்த தீப்பெட்டி ஆபீசில் நடந்துவந்த மோட்டார் கட்டும் பயிற்சி வகுப்பு. வகுப்பை நடத்த வந்தவள் ரூபாவதி. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி, முப்பதைத் தொடாதவள், தனியாக மொபெட்டில் வந்து, தனியாக வீடு பிடித்து, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு, எரிந்துபோன மோட்டார் எங்கே கிடைக்கும் என்று தெருத்தெருவாகக் கேட்டுத் திரிந்தவள். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும் எங்கள் ஊர் ஒருத்தியைச் சந்தேகப்பட. அவளிடம் நாலு பிள்ளைகள் படித்தார்கள். அதில் ஒருத்தி சுடலைக்கனி. பள்ளிக்கூடம் முடித்த கையோடு தூரத்து நூல் மில்லுக்கு வேன் ஏறிப்போய், நெஞ்சில் பஞ்சோடும் இருமலோடும் திரும்பி வந்தவள். வந்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டவள், தீப்பெட்டி ஆபீஸ் வாசலைத் தாண்டி உள்ளே போனால் மட்டும் சிரித்தாள். அதுவும் ஊருக்குத் தெரிந்திருந்தது, அதுவும் கணக்கில் சேர்ந்தது.

பட்டறையில் ரூபாவதி வைத்திருந்த முறைகள் கொஞ்சம்தான். எரிந்த காயிலை உளியால் வெட்டி எடுக்கும்போது ஒவ்வொரு கம்பியாக எண்ணி எடுக்க வேண்டும், செத்ததை எண்ணாமல் புதுசைக் கட்டக்கூடாது. புதுக் கம்பியை மரச்சட்டத்தில் சுற்றும்போது வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணுகிறவளை, எண்ணுகிறவனை, வீடே பற்றி எரிந்தாலும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டு எண்ணிக்கை தவறினால் குத்துமதிப்பாகத் தொடராமல் அத்தனையையும் பிரித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். "ஒரு சுத்து கூடினாலும் கொறைஞ்சாலும் மோட்டாருக்குத் தெரியுமுங்க அம்மிணி, நமக்குத்தான் தெரியாது" என்பாள் ரூபாவதி. சொல்லிக் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். பிள்ளைகள் தப்பாகச் சுற்றும்போது அவள் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், ஆனால் முன்னால் வராது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்களுக்கோ, நாலு இளசுகள் குனிந்து உட்கார்ந்து கையை வட்டவட்டமாகச் சுற்றிக்கொண்டு, உதடு அசைய என்னவோ முணுமுணுப்பதும், ஒருத்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர்களைச் சுற்றி வருவதும், யாரும் யாரையும் பேர் சொல்லாததும் தெரிந்தது. மந்திரம் என்று முடிவுகட்ட இதற்கு மேல் என்ன வேண்டும்?

சீனிராஜின் மோட்டாரை அடுத்து இன்னும் ஐந்தாறு மோட்டார்கள் அப்படி ஓடின. ஓட ஓட ஊரில் ஆளாளுக்கு எதுவோ காணாமல் போக ஆரம்பித்தது, அல்லது முன்பே காணாமல் போனதெல்லாம் இப்போது ஞாபகம் வர ஆரம்பித்தது. ஒருத்திக்கு உறை ஊற்றிய பால் தயிராகவில்லை, மோட்டார் குடித்துவிட்டது. ஒருவன் மகன் கணக்கில் தோற்றான், மோட்டார் குடித்துவிட்டது. டீக்கடைக்காரருக்கு உறக்கம் போயிற்று, நாதஸ்வரக்காரருக்கு மூச்சு போயிற்று, ஒரு சேவல் கூவுவதை நிறுத்தியது, புதுசாகக் கல்யாணம் ஆன ஒருவனுக்கு வாய்விட்டுச் சொல்லமுடியாத எதுவோ போயிற்று, எல்லாவற்றையும் மோட்டார்தான் குடித்தது. ஆனால் ஒருத்தர்கூட மோட்டாரை நிறுத்தவில்லை. சந்தேகம் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். மோட்டார் தலையில் எலுமிச்சம்பழம் சொருகினார்கள், கழுத்தில் வேப்பிலை கட்டினார்கள், நிறைமாதக்காரிகளை அந்தப் பக்கம் போகாதே என்றார்கள், பருத்திக்கு மட்டும் மறக்காமல் தண்ணீர் பாய்ச்சினார்கள். எரியாத மோட்டாரைக்கூட எரிந்துவிட்டது என்று சொல்லிப் பட்டறையில் கொண்டுபோய் இறக்கியவர்கள் உண்டு.

பிறகு, போனதைத் திருப்பிக் கேட்டுப் பட்டறை வாசலில் நிற்கத் தொடங்கினார்கள். வெள்ளத்தாய் முதலில் போனாள்.

"எம் புருசன் முகம் நாலு நாளா ஞாபகத்துக்கு வரமாட்டேங்கு. ஒன் மோட்டார்தான் குடிச்சிருக்கு. மரியாதையாத் திருப்பிக் குடு."

ரூபாவதி கையில் இருந்த வார்னிஷைத் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். "உக்காருங்க பெரியம்மா. வீட்டுல போட்டோ ஏதும் இல்லீங்களா?"

"இருக்கு. அதுல அவரு தம்பி மாதிரில்லா இருக்காரு."

"செரி, எப்படி இருப்பாருன்னு எங்கிட்டச் சொல்லுங்க. நான் பாத்ததில்லீங்களே."

வெள்ளத்தாய் சொல்ல ஆரம்பித்தாள். வலது காதுக்குக் கீழே ஒரு மரு. பொய் சொல்லும்போது மட்டும் இடது கண் சிறுத்துவிடும். வெற்றிலை போட்டால் மேலுதட்டில் சிவப்பு ஒட்டாது, கீழுதட்டில்தான் ஒட்டும். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள், கண்ணில் தண்ணீர் முட்டியது, வந்துட்டாரு வந்துட்டாரு என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கனி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளத்தாய் குடித்துவிட்டு நேராகத் தெருவுக்குப் போய் ஊரைக் கூட்டினாள்.

"கேட்ட ஒடனே குடுத்துட்டா பாத்துக்கோ! அப்பம் அவகிட்டதான இருந்திருக்கு?"

இதற்குப் பிறகு வகுப்பை விட்டுவைப்பார்களா? ஊர்க்கூட்டம் போட்டார்கள். சீனிராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் சந்தேகப்படுதேன்னு யாரும் சந்தேகப்படப்படாது. வகுப்பு வேண்டாம்னுதான் சொல்லுதேன்" என்றார். அந்த நேரத்திலும் அவர் மோட்டார் தோட்டத்தில் கரண்ட் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கனியின் அம்மா முப்பிடாதி கூட்டத்தின் ஓரத்தில் தலைகுனிந்து நின்றாள். புருசன் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து ஊர்வாயைக் கண்டு நடுங்கி வாழ்கிறவள் அவள். மோட்டாரைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது, ஊரைப் பற்றித்தான் பயம். மந்திரக்காரி என்று பேரெடுத்த பிள்ளையை யார் கட்டுவான்? மில்லு என்றால் பெரிய இரும்புக் கேட்டு, உள்ளே ஹாஸ்டல், வெளியே விடமாட்டார்கள், கண்ணில் படாத பிள்ளையைப் பற்றி ஊர் என்ன பேசமுடியும்? வகுப்பை மூடினால் ஞாயிற்றுக்கிழமை வரும் மில்லு வேனில் மகளைத் திரும்ப ஏற்றிவிடுவது என்று அவள் நினைத்துவிட்டாள்.

வகுப்பை மூடும் தேதியை ஊர் குறிப்பதற்குள் தெருக்குழாய்க்குத் தண்ணீர் தள்ளும் பொதுக்கிணற்று மோட்டார் புகைந்து நின்றுபோனது. டவுன் கடையில் வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். பட்டறையில் கொடுக்கவும் பயம், கொடுக்காவிட்டால் தொண்டை காயும். மறுபடி கூடிய ஊர்க்கூட்டத்துக்கு ரூபாவதி வந்தாள்.

"வகுப்பு முடியறப்போ ஒவ்வொருத்தரும் தனியா ஒரு மோட்டார் கட்டோணுமுங்க. கனி இந்த மோட்டாரக் கட்டட்டும். வேப்பமரத்தடியில, உங்க எல்லார் கண்ணு முன்னாடி. நான் தொடமாட்டேன். நீங்க உள்ள என்ன போறதுன்னு பாருங்க. தப்பா ஏதாச்சும் கண்டீங்கன்னா நானே வகுப்ப மூடிட்டுக் கெளம்பறேனுங்க."

"கண்டா, எம் மகளும் ஞாயித்துக்கெழம வண்டியில ஏறுவா" என்றாள் முப்பிடாதி. கனி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேப்பமரத்தடியில் ஊரே உட்கார்ந்தது. எங்கள் ஊரில் தேருக்குக்கூட இத்தனை பேர் கண்ணை இமைக்காமல் நின்றதில்லை. கனி மோட்டாரைப் பிரித்தாள், முட்டை கருகிய மாதிரி நாற்றம் வந்தது, பேய் நாற்றம் என்று ஒருத்தி சொன்னாள், எரிந்த காயில் நாற்றம் என்று நான்கைந்து மோட்டார் கட்டக் கொடுத்த அனுபவத்தில் இன்னொருத்தி சொன்னாள். கருகிய கம்பிகளை எண்ணி எடுத்தாள். கம்பி உட்காரும் இரும்புக் காடிகளைத் துடைத்து ஒவ்வொன்றிலும் தாள் மடித்து வைத்தாள். தாளில் எழுத்து இருக்கிறதா என்று சீனிராஜ் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு செம்புக் கம்பியை மரச்சட்டத்தில் சுற்றத் தொடங்கி, வாய்விட்டு எண்ணினாள்.

எண்ணிக்கைக்கு நடுவில் மந்திரம் நுழைகிறதா என்று கண்டுபிடிக்க ஊருக்கு ஒரே வழிதான் இருந்தது, கூடவே எண்ணுவது. முதலில் வெள்ளத்தாய் எண்ணினாள், அப்புறம் டீக்கடைக்காரர், அப்புறம் ஒட்டுமொத்தமாக ஊர் எண்ணியது, வாய்பிளந்து எண்ணியது, அவள் விரல் போகிற வேகத்துக்குத் தலையை ஆட்டி ஆட்டி எண்ணியது. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, மந்திரத்தை உடைப்பதென்றால் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று எங்கேயோ கேட்டிருந்த சீனிராஜ், கூட்டத்தின் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏளா, சுடலைக்கனி!"

"என்ன பெரிப்பா?" என்று அவள் திரும்பினாள். எண்ணிக்கை போயிற்று.

"எத்தனைல விட்டேன்?" என்று கனி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். அத்தனை பேரும் எண்ணியிருந்தார்கள், ஆளுக்கொரு எண் சொன்னார்கள். நீ சொல்லுவது பொய், நீ முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் ஓடினாய், நீ நடுவில் வெற்றிலை போட்டாய் என்று ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள். ரூபாவதியின் விரல்கள் முதுகுக்குப் பின்னால் நெரிந்தன. கனி ஒரு மூச்சு இழுத்து, இருமி, சுற்றிய அத்தனை கம்பியையும் பிரித்தாள்.

அப்போதுதான் ஊருக்குக் கோபம் வந்தது, அதுவும் சீனிராஜ் மேல். இவ்வளவு நேரம் எண்ணியது வீணாகப் போனால் யாருக்குத்தான் வராது? "பேரைச் சொல்லாதிரும்வே!" என்று தலைவரையே அதட்டினார்கள். இரண்டாம் தரம் சுற்றியபோது அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் தூரத்துக்குப் போனாள், ஆட்டுக்கு வாய்நிறைய வேப்பங்குழை கொடுத்தார்கள், தும்மல் வந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான். கனியின் குரலும் ஊரின் குரலும் ஒன்றாகி ஏறி இறங்கியதில், வேப்பமரத்துக் காக்கைகள்கூடச் சும்மா இருந்தன. அந்தக் குரலுக்கு நடுவில் அவள் எவ்வளவு சின்னப் பிள்ளை என்பது எனக்குத் தெரிந்தது, பாவமாக இருந்தது. ஒருத்தர் கண்ணும் அவள் விரலை விட்டு நகரவில்லை, ஒருத்தர் கண்ணுக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

வார்னிஷ் ஊற்றி வெயிலில் காயவைத்து, சனிக்கிழமை மோட்டாரைக் கிணற்றடியில் பூட்டினார்கள். கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து ஸ்விட்சைப் போட்டார்கள். மோட்டார் அசையவில்லை. காத்திருந்தார்கள். அசையவில்லை. கரண்ட் வந்ததும் ஒரு சின்ன உறுமலோடு எடுத்து, ஊரில் எந்த மோட்டாரும் தள்ளாத வேகத்தில் தண்ணீரைத் தள்ளியது.

"ரொம்ப நல்லாக் கட்டியிருக்கே அம்மிணி. பாஸு" என்றாள் ரூபாவதி, முதுகுக்குப் பின்னால் இருந்த கைகளை முன்னால் கொண்டுவந்து அவள் தலையில் வைத்து. கனி அழுதாள்.

ஊர் முகம் தொங்கிவிட்டது. "இது வெறும் மோட்டாருல்லா!" என்றாள் வெள்ளத்தாய், ஏமாற்றப்பட்டவள் மாதிரி. சீனிராஜுக்குக் கட்டினது கரண்ட் இல்லாமல் ஓடுகிறது, ஊருக்குக் கட்டினது மட்டும் ஏன் ஓடவில்லை? நம் கண்முன்னால் கட்டினதால் கனி அந்த வித்தையை வெளியே எடுக்காமல் கைக்குள்ளேயே ஒளித்துக்கொண்டாள். அப்படியென்றால் வித்தை பட்டறையில் இல்லை, ரூபாவதியிடம் இல்லை, இந்தப் பிள்ளை கையில்தான் இருக்கிறது. இப்படியாக ஊர் ஒரு சந்தேகத்திலிருந்து இன்னொரு சந்தேகத்துக்கு, மாட்டை அவிழ்த்து வேறு முளையில் கட்டுகிற மாதிரி, இடம் மாறிக் கட்டிக்கொண்டது.

முப்பிடாதி அன்று சாயங்காலமே மகளின் பையை எடுத்து வெளியே வைத்தாள். "ஓடுனாலும் பேசுதாக, ஓடாட்டாலும் பேசுதாக. என்னால காது குடுக்க முடியலட்டி. நீ மில்லுக்கே போயிரு."

"மில்லுல நான் எண்ணுனது சன்னல் கம்பியத்தாம்மா" என்றாள் கனி. "இங்க எண்ணுனா மோட்டாரு ஓடுது."

முப்பிடாதி குனிந்து பையின் காதைப் பிடித்தாள். ஆனாலும் பையைத் திரும்ப உள்ளே எடுத்து வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வந்தது. உள்ளே பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையோ வருசமாக வந்துபோகிற வேன் அது, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதில் அழுதுகொண்டே ஏறியிருக்கிறார்கள், ஒருவரும் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். கனி பையோடு படியில் கால் வைக்கப்போகும் நேரம் ஊர் திரண்டு வந்து வேனை மறித்தது.

"வித்தையக் கையிலயே வச்சிருக்கா, கையோட போயிட்டா நாளைக்கு நம்ம மோட்டாரெல்லாம் யாரு பாப்பா?" என்றார் சீனிராஜ். "மில்லுக்காரன் ஓசியில மில்லு ஓட்டுவான், நாம தண்ணியில்லாமச் சாவணுமா?" என்றார் டீக்கடைக்காரர். வெள்ளத்தாய் முன் சக்கரத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெற்றிலைப் பையை அவிழ்த்தாள்.

பட்டறை வாசலில் நின்ற ரூபாவதியிடம் மற்ற பிள்ளைகள், "அக்கா, இவுக அவ மேல பாசத்துல மறிக்கல" என்றார்கள்.

"எதுக்கு மறிச்சா என்னங்க சாமி, வண்டி நின்னுருச்சில்ல" என்றாள் ரூபாவதி.

டிரைவர் இறங்கிவந்து தலையைச் சொறிந்தார். "ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் எனக்கெதுக்கு? பெத்தவ சொல்லட்டும். பிள்ளய ஏத்தணுமா வேண்டாமாம்மா?"

எல்லோரும் முப்பிடாதியைப் பார்த்தார்கள். ஏத்திக்கிட்டுப் போங்க என்று சொல்வதற்காக அவள் வாயைத் திறந்தாள். அது கரண்ட் இல்லாத நேரம், டீக்கடை பல்பு அணைந்து கிடந்தது, பொதுக்கிணற்றடியில் ஸ்விட்சை யாரும் தொடவில்லை. மோட்டார் எடுத்தது. அந்தச் சின்ன உறுமல் தெருமுனை வரை கேட்டது, வேனுக்குப் பக்கத்தில் திறந்து கிடந்த தெருக்குழாய் இரண்டு தரம் செருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது.

முப்பிடாதி திறந்த வாய் திறந்தபடி நின்றாள். சொல் இல்லை. தொண்டையில் தேடினாள், நாக்கில் தேடினாள், மகள் முகத்தைப் பார்த்துத் தேடினாள், வரவில்லை. டிரைவர் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார், அப்புறம் வண்டியைப் பின்னால் எடுத்து வேறு தெரு வழியாகப் போனார். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இருவரும் கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர்களை மறிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, இன்றைக்கு நினைத்தாலும் அது எனக்கு வலிக்கிறது. பெண்கள் குடம் எடுக்க ஓடினார்கள். ஓடும்போதே, இன்றைக்கு நம் வீட்டில் என்ன போயிருக்குமோ என்று ஒவ்வொருத்தியும் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். யாருக்கும் எதுவும் போயிருக்கவில்லை, முப்பிடாதியைத் தவிர.

மத்தியானம் அவள் பட்டறைப் பக்கம் நடந்தாள். போனதைத் திருப்பிக் கேட்கத்தான் போகிறாள் என்று ஊர் ஜன்னல்களில் கூடியது. அவள் கையில் சோற்றுத் தூக்குவாளி இருந்தது. உள்ளே கனி முதுகைக் காட்டி உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள், எண்ணும் குரல் கேட்டது. முப்பிடாதி மகளைக் கூப்பிட வாயெடுத்தாள், எடுத்தவள் மூடிக்கொண்டாள், வாளியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் எண்ணி முடிக்கட்டும் என்று வாசற்படியில் உட்கார்ந்தாள்.